உதிரும் காவற் கலங்கள்



தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குச் செல்லும் பாதையில் நின்று இருமருங்கும் நோக்கினால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் தேயிலையே தென்படும். ஆதிநாள் தொட்டே இவை தேயிலை மலைகளாக இருந்தன என்று புதிதாக வருவோர் எண்ணக்கூடும். உண்மை அஃதன்று. லிந்துலையை உள்ளடக்கிய திம்புள்ளப் பகுதியிலே தேயிலைக்கு முன்னர்ப் பயிரிடப்பட்டது கோப்பி. நம் முன்னோர் தமிழகத்தினின்றும் கடல் கடந்து இத்தீவின் மலைகளுக்கு வந்ததும் முதலிற் கோப்பித் தோட்டங்களுக்காகவே. அந்தக் கோப்பி எங்கே போயிற்று?

1869 ஆம் ஆண்டிலே, இலங்கையின் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான ஒரு தூள் காணப்பட்டது. அது ஒருவகைப் பங்கசு. அந்தப் பங்கசு செடியை ஒரேயடியாக வீழ்த்திவிடவில்லை. இலையை மட்டுமே உதிர்த்தது. உதிர்ந்த இலைக்கு ஈடாகச் செடி புதுத் துளிர் விட்டது. பசுமை திரும்பியதைக் கண்ட தோட்டக்காரர் பலர், இது பொல்லாத நோயன்று என்று கருதி ஆறுதலடைந்தனர். ஆனால் புதுத் துளிரும் நோயுற்று உதிர்ந்தது, செடி மீண்டும் துளிர்த்தது, அதுவும் உதிர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லச் செடியின் உரம் குன்றியது, காய்ப்பு அருகியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டது.

கோப்பிச் செடியைக் கொன்றது எது? பங்கசு தின்ற இலை மட்டுமா? அன்று. ஓயாது உதிர்வதும், உதிர்ந்ததை ஈடுசெய்ய ஓயாது துளிர்ப்பதுமாகிய அந்த முடிவில்லாத செலவே செடியின் உயிரை வற்றச் செய்தது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ளவேண்டும். ஏனெனில், இன்று நாம் ஆராயப் புகும் எச்.ஐ.வி. என்னும் வைரசு மனித உடலிலே நடத்தும் கதையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

1981 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆந் தேதி, அமெரிக்க நாட்டுச் சுகாதார வார இதழொன்றில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞரைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. நல்ல உடற்கட்டுடைய மனிதரை எளிதில் அணுகாத ஒருவகை நுரையீரல் அழற்சி அவர்களைப் பற்றியிருந்தது. எயிட்ஸ் நோயைப் பற்றி உலகம் அறிந்த முதற் செய்தி அதுவே. 1983 இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினுசி, லூக் மொந்தாக்னியே ஆகியோரும் அவர்தம் தோழர்களும் இதற்குக் காரணமான வைரசைக் கண்டறிந்தனர். அவ்விருவருக்கும் 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையிற் பெண்கள் சிலரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிப்பித்தனர். இந்தியாவில் இந்நோய்த் தொற்று உண்டு என்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. மறு ஆண்டு, 1987 இல், இலங்கையர் ஒருவரிடத்தில் இத்தொற்று முதன்முதலாக அறியப்பட்டது.

இனி, நமது உடலின் காவலைச் சற்று நோக்குவோம்.

தோட்டத்திலே பொழுது புலர்ந்ததும் தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடுவர். இன்னார் இன்ன மலைக்குக் கொழுந்தெடுக்க, இன்னார் கவ்வாத்து வெட்ட, இன்னார் மருந்தடிக்க என்று அங்கே ஆள் பிரிக்கப்படும். ஆள் பிரிப்பவர் தம் கையாற் கொழுந்து பறிப்பதில்லை; கத்தி பிடிப்பதுமில்லை. ஆயினும் அவர் வாராத நாளில் நூறு பேர் களத்தில் நின்றும் மலையில் வேலை நடவாது.

நமது இரத்தத்தில் இத்தகைய பணியைச் செய்யும் வெண்கலங்கள் உள. அவற்றை உதவிக் கலங்கள் என்பர். சி.டி.4 என்னும் புரதம் அவற்றின் மேற்புறத்தில் இருத்தலால், சி.டி.4 கலங்கள் என்றும் அவை வழங்கப்படும். நோய்க் கிருமி உட்புகுந்தால் அதனை இன்னதென்று உணர்ந்து, பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்களை ஏவுவதும், கிருமி புகுந்த கலத்தை அழிக்கும் கொல்கலங்களை ஊக்குவதும், கிருமியை விழுங்கும் பெருந்தின்கலங்களுக்கு வலுவூட்டுவதும் இவற்றின் தொழில். நமது கழுத்திலும் அக்குளிலும் அரையிலும் உள்ள நிணநீர்க் கணுக்களே இவற்றின் பிரட்டுக்களம். நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரையில் இக்கலங்கள் இருக்கும்.

எச்.ஐ.வி. தேடிச் செல்வது இந்த உதவிக் கலத்தையே. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரங் கூறிட்டால் அதில் ஒரு கூறளவே உடைய இவ்வைரசு, சி.டி.4 புரதத்தையும் அதனருகிலுள்ள வேறொரு புரதத்தையும் பற்றிக்கொண்டு கலத்தினுள் நுழைகிறது. நுழைந்ததும், ஆர்.என்.ஏ. வடிவிலுள்ள தன் பரம்பரைக் குறிப்பை ஒரு நொதியத்தின் துணையால் டி.என்.ஏ. வடிவில் எழுதி, நமது கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ.யோடு பிணைத்துவிடுகிறது. அதன்பின் அக்கலம் நமக்காக உழைப்பதை விடுத்து, வைரசுகளை வார்த்து வெளியேற்றும் ஆலையாகிறது.

இங்கே ஆராய்ச்சியாளரை நெடுநாள் மயக்கிய ஒரு புதிர் எழுந்தது. வைரசு குடியேறிப் பெருகும் கலங்கள் இறப்பது வியப்பன்று. வைரசின் சுமையாலும் கொல்கலங்களின் தாக்குதலாலும் அவை இரண்டொரு நாளில் மடிகின்றன. ஆனால் நோயாளியின் இரத்தத்தைச் சோதித்தால், வைரசு பெருகும் கலங்கள் நூற்றுக்கு ஒன்று கூட இருப்பதில்லை. அவ்வாறாயின் எஞ்சிய கலங்கள் ஏன் மறைகின்றன? தீப்பற்றாத வீடுகளும் சாம்பலாவது எங்ஙனம்?

விடையை அறியக் கலங்கள் இறக்கும் முறைகளை அறிதல் வேண்டும். நமது உடலிலே நாள்தோறும் எண்ணற்ற கலங்கள் தம் தொழில் முடிந்ததும் தாமே ஒடுங்கி மறைகின்றன. ஓசையில்லை, அழற்சியில்லை, அயற்கலங்களுக்குத் துன்பமுமில்லை. 1972 இல் இம்முறையை விளக்கிய கெர், வைலி, கரி என்னும் மூன்று அறிஞர், மரத்தினின்றும் இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்கு 'அப்போப்டோசிசு' என்று பெயரிட்டனர். இதனை அமைதியான உதிர்வு எனலாம். வேறொரு முறையும் உண்டு. கலத்தினுள் அந்நியப் பொருள் புகுந்துவிட்டதென்று உள்ளிருக்கும் எச்சரிக்கைப் புரதங்கள் கண்டால், கலம் வீங்கி வெடித்து, தன்னுள் இருந்த அழற்சிப் பொருள்களை வெளியே சிதறவிடும். இதற்குப் 'பைரோப்டோசிசு' என்று பெயர்; எரியும் உதிர்வு என்று நாம் கூறலாம். பற்றீரியா போன்ற கிருமிகள் தாக்கும்பொழுது இம்முறை நமக்கு நன்மையே செய்கிறது. ஒரு கலம் தன்னை மாய்த்து அபாயச் சங்கு ஊதுகிறது.

2014 ஆம் ஆண்டிலே, சான் பிரான்சிஸ்கோ நகரின் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் டாக்டர் வார்னர் கிறீன் தலைமையில் உழைத்த ஆராய்ச்சியாளர், மனிதரின் தொண்டைச் சதையிலும் மண்ணீரலிலும் இருந்து பெற்ற இழையங்களில் எச்.ஐ.வி.யைப் புகுத்தி ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். அங்கே மடிந்த உதவிக் கலங்களில் நூற்றுக்கு 95 க்கு மேற்பட்டவை, வைரசு வெற்றியுடன் பெருகிய கலங்களல்ல. அவை ஓய்ந்திருந்த கலங்கள். வைரசு அவற்றினுள் நுழைந்தது உண்மை. ஆயின், ஓய்ந்திருக்கும் கலத்திலே தன் குறிப்பை முழுதும் எழுதி முடிக்க அதனால் இயலவில்லை. அரைகுறையாக எழுதப்பட்ட டி.என்.ஏ. துண்டுகள் கலத்தினுள் தேங்கின. ஐ.எப்.ஐ.16 என்னும் காவற் புரதம் அத்துண்டுகளைக் கண்டு அபாயக் குரல் எழுப்ப, கலம் எரியும் உதிர்வில் மாண்டது.

நேயர்களே, இதிலுள்ள அவலத்தைச் சற்றுச் சிந்தியுங்கள். வைரசு தோற்றுப்போன கலமும் இறக்கிறது. அது வெடிக்கும்பொழுது சிதறும் அழற்சிப் பொருள்கள் அயலிலுள்ள உதவிக் கலங்களை அவ்விடத்திற்கு அழைக்கின்றன. காவலுக்கென வந்த அக்கலங்களும் வைரசுக்கு இரையாகி, அவ்வாறே எரிந்து உதிர்கின்றன. நெருப்பை அணைக்க வருபவரே விறகாகும் நிலை இது. நிணநீர் இழையங்களிலே உதவிக் கலங்கள் குறைவதற்கு இது தலையாய வழியென இவ்வாராய்ச்சி காட்டியது.

இஃது ஒன்றே முழுக்காரணம் என்று கொள்ளலாகாது. வேறு மூன்று கேடுகளும் உடன் சேர்கின்றன.

முதலாவது, குடலிலே நேர்வது. உடலின் காவற் கலங்கள் மிகுதியாகத் தங்கியிருக்கும் இடம் குடற்சுவர். தொற்று ஏற்பட்ட முதற் சில வாரங்களிலேயே அங்குள்ள உதவிக் கலங்களிற் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது என்பது 2004 இல் மனிதரிடத்து நடத்திய ஆய்வுகளால் உறுதியாயிற்று. காவல் குன்றிய குடற்சுவர் கசியத் தொடங்குகிறது. குடலுக்குள் அடங்கியிருக்க வேண்டிய பற்றீரியாக்களின் கூறுகள் இரத்தத்திற் கலக்கின்றன. அவற்றைக் கண்டு உடலின் நிர்ப்பீடனத் தொகுதி முழுவதும் இரவு பகலின்றி விழித்திருக்கிறது. ஓயாது விழித்திருக்கும் காவலன் விரைவில் தளர்வான் அன்றோ?

இரண்டாவது, பிரட்டுக்களமே பாழாவது. நீடித்த அழற்சியினால் நிணநீர்க் கணுக்களில் வடுநார் படிகிறது. கலங்கள் தங்கி ஊட்டம் பெறும் மெல்லிய வலைப்பின்னல் இறுகிச் சிதைகிறது. புதிய கலங்கள் தோன்றினாலும் அவை வாழ இடமில்லை.

மூன்றாவது, ஈடுசெய்யும் ஆற்றல் வற்றுவது. 1995 இலும் 1996 இலும் நியூ யோர்க்கில் டாக்டர் டேவிட் ஹோவும் அவருடைய தோழர்களும், நோயாளியொருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி வைரசுகள் பிறக்கின்றன என்று கணித்தனர். வெளித்தோற்றத்திலே நோயாளி அமைதியாக இருக்கும் காலத்திலும் இப்பெருக்கம் ஓய்வதில்லை. அழிந்த உதவிக் கலங்களுக்கு ஈடாக உடல் புதுக் கலங்களைப் பிறப்பித்த வண்ணம் இருக்கிறது. ஆயினும் நாள்தோறும் பிறப்பை விட இறப்பு ஒரு சிறிது மிகுகிறது. கோப்பிச் செடியின் கதை இங்கே மீண்டும் நிகழ்வதைக் காண்கிறீர்கள்.

இவ்வழற்சியே பெருங்கேடு என்பதற்கு இயற்கை ஒரு சான்றும் வைத்திருக்கிறது. மேற்கு ஆபிரிக்காவில் வாழும் மங்கபே என்னும் குரங்கினத்தில், எச்.ஐ.வி.க்கு உறவான ஒரு வைரசு மிகுதியாக உண்டு. ஆயினும் அக்குரங்குகள் பெரும்பாலும் எயிட்ஸ் போன்ற நோய்க்கு ஆளாவதில்லை. தொற்றிய சில வாரங்களில் அவற்றின் உடல் தன் அழற்சியைத் தணித்துக் கொள்கிறது. குடற்சுவரும் சிதையாது நிற்கிறது. வைரசு இருந்தும் தீ அணைந்துவிடுகிறது. நமக்கோ தீ அணைவதில்லை.

இனி, இவ்வழிவு மனிதரிடத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைக் காண்போம். தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை நோவு, தோலிற் செம்புள்ளிகள் முதலியன சிலருக்குத் தோன்றி மறையும். சாதாரணக் காய்ச்சலென்று அதனை மறந்துவிடுவர். அதன்பின் சிகிச்சையில்லாத நிலையிலும் பொதுவாக எட்டுப் பத்து ஆண்டுகள் அமைதியாகக் கழியலாம். கொழுந்தெடுக்கும் பெண் கூடை நிறையப் பறிப்பார். கவ்வாத்து வெட்டுபவர் குறைவின்றி வெட்டுவார். "எனக்கென்ன குறை? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பார். இலை துளிர்த்த கோப்பியைக் கண்டு தோட்டக்காரர் சொன்ன சொல்லும் இதுவே.

சி.டி.4 எண்ணிக்கை 200 க்குக் கீழே இறங்கும்பொழுது எயிட்ஸ் நிலை வந்துற்றதென வைத்தியர் கொள்வர். அப்பொழுது, மற்றவரிடம் வாலாட்டாத நோய்களெல்லாம் தலையெடுக்கும். வாயிலும் உணவுக் குழாயிலும் வெண்பங்கசு படரும். 1981 இல் அவ்வைவரைப் பற்றிய நுரையீரல் அழற்சி வரும். ஒருவகை மதுவம் மூளை உறையைத் தாக்கும்.

இவற்றுள் நம் நாட்டவர் முதன்மையாகக் கருதவேண்டியது சயரோகம். சயரோகக் கிருமி நுரையீரலில் நுழைந்த பெரும்பாலோர் நோயாளியாவதில்லை. பெருந்தின்கலங்கள் அக்கிருமியைச் சூழ்ந்து சிறு கோட்டை கட்டிச் சிறை வைக்கின்றன. அக்கோட்டையைக் கலையாமல் நிறுத்தி வைப்பது உதவிக் கலங்களின் ஏவலே. உதவிக் கலங்கள் உதிர உதிரக் கோட்டைச் சுவர் இடிந்து, சிறைப்பட்ட கிருமி விடுதலை பெறுகிறது. எண்ணிக்கை 200 க்கு இறங்கும்வரை இது காத்திருப்பதுமில்லை. லயக் காம்பிராக்களில் நெருங்கி வாழும் குடும்பங்களிலே ஒருவரின் சயரோகம் மற்றவரையும் எட்டக்கூடும். ஆதலின், சயரோகம் கண்டவர் எச்.ஐ.வி. சோதனை செய்து கொள்வதும், எச்.ஐ.வி. உடையவர் சயரோகத்திற்குச் சோதிக்கப்படுவதும் இன்றியமையாதன.

இத்தனையும் கேட்ட நேயர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. கோப்பி நோய்க்கு அக்காலத்தில் உற்ற மருந்து கிட்டவில்லை. இந்நோய்க்கு மருந்து உண்டு.

1996 முதல் வைரசின் பெருக்கத்தைப் பல இடங்களில் ஒருங்கே தடுக்கும் கூட்டு மருந்து வழக்கிற்கு வந்தது. இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரு குளிசையே போதுமானது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வைரசின் பெருக்கம் நின்று, எரியும் உதிர்வு தணிந்து, சி.டி.4 கலங்கள் படிப்படியாகப் பெருகுகின்றன. ஆயினும், சில ஓய்ந்த கலங்களினுள் வைரசின் குறிப்பு உறங்கிக் கிடக்கிறது. அதனை மருந்து தொடுவதில்லை. குளிசையை நிறுத்தினால் வழக்கமாகச் சில வாரங்களில் வைரசு மீண்டும் எழும். ஆகவே இது வாழ்நாள் மருந்து.

மருந்தை எப்பொழுது தொடங்குவது? கலங்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. பல நாடுகளில் நடந்த பேராய்வொன்று, காத்திராமல் உடனே தொடங்குவோரே நலமாக வாழ்கின்றனர் என்பதை 2015 இல் நிறுவியது. இறுகிய வடுவும் கசியும் குடலும் பின்னர் முற்றாகத் திருந்துவது அரிதாகையால், முந்திக் கொள்வதே அறிவுடைமை. அத்துடன், மருந்தினால் வைரசு இரத்தத்தில் அளவிட முடியாதபடி குறைந்து நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்கு அது தொற்றுவதில்லை என்பதும் இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஒருவரின் குளிசை அவர் துணைவரையும் காக்கிறது.

இலங்கையில் 2004 முதல் இம்மருந்து அரசினால் இலவசமாக வழங்கப்படுகிறது. கருவுற்ற தாய்மாருக்குச் சோதனை நடத்தி மருந்தளித்து வந்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனை இலவசம். அங்கே உங்கள் இரகசியம் காக்கப்படும்.

அவ்வாறிருந்தும் பலர் காலந்தாழ்த்தியே வருகின்றனர். காரணம் அறியாமை மட்டுமன்று, வெட்கம், ஊரார் என்ன சொல்வாரோ என்னும் அச்சம். இந்த அச்சத்தை எதிர்த்து நின்ற ஒருவரை நாம் மறத்தலாகாது. குழந்தை நல வைத்தியராக விளங்கிய டாக்டர் கமலிகா அபேரத்ன, 1995 இல் வீதி விபத்தொன்றிற் காயமுற்றபோது ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாகத் தொற்றுக்கு ஆளானார். அவர் அதனை மறைக்கவில்லை. தம் நிலையை நாடறியக் கூறி, இந்நோயாளரின் மதிப்புக்காகவும் மருந்துக்காகவும் வாதாடி, 2004 இல் மறைந்தார். தானமாகப் பெறும் இரத்தம் இன்று சோதிக்கப்பட்டே ஏற்றப்படுகிறது.

பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்கப்படாத இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து சேய் என்னும் இவ்வழிகளிலேயே எச்.ஐ.வி. பரவும். ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, ஒரே பீலியில் நீராடுவதாலோ, ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ அது பரவுவதில்லை. ஆகவே நோயுற்றவரை ஒதுக்குவதற்கு நியாயம் எதுவுமில்லை. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் சோதனைக்கு வாரார். சோதனைக்கு வாராதவர் உடலில் உதிர்வு நிற்காது. நம் அயலவரின் உடலில் கலங்கள் உதிர்வதும் உதிராமல் நிற்பதும், ஓரளவிற்கு நாம் அவரிடம் நடந்து கொள்ளும் முறையையும் பொறுத்திருக்கிறது.

1880 இல் கோப்பி நோயை ஆராய இலங்கைக்கு வந்த மார்ஷல் உவார்ட் என்னும் தாவரவியலறிஞர், பங்கசு இலையினுள் வேரூன்றிய பின்னர் மருந்திட்டுப் பயனில்லை என்று கண்டு கூறினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. மேலே கண்ட பசுமை மலைகளை ஏமாற்றிவிட்டிருந்தது. மனித உடலில் நிலைமை அவ்வளவு கடுமையானதன்று. எச்.ஐ.வி. வேரூன்றிய பின்னரும் அதனை அடக்கி வைக்க நமக்கு வழியுண்டு. ஆனால் மேலே தெரியும் நலத்தை நம்பி ஏமாறாதிருத்தல் வேண்டும். உள்ளே உதிர்வது கண்ணுக்குத் தெரியாது. ஒரு துளி இரத்தம் அதனைச் சொல்லிவிடும். ஐயமுடையோர் அத்துளியைக் கொடுக்கத் தயங்காதிருப்பாராக.